தெருவில் கிடந்த குட்டி, வீட்டுக்கு வந்த துணை



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, ஆட்டுக் கொட்டகை என்று எழுதும் இந்தப் பக்கத்தில் இந்த மாதம் நாயைப் பற்றியா என்று சிலர் சிரிக்கலாம். சிரிச்சுக்கோங்க. ஆனால் கொஞ்ச காலமாகவே குழுக் கூட்டங்களில் தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, நோட்டை மூடிய பிறகு அதிகம் அடிபடுவது நாய்ப் பேச்சுதான். "தெருநாயைப் பூராவும் பிடிச்சிட்டுப் போகச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க மேடம்" என்று ஒரு அக்கா சொல்வார். அவர் வாய் மூடும் முன்னே இன்னொருவர், "எங்க தெருவுல ஒரு குட்டி கிடக்கு, பாவமா இருக்கு, எடுத்து வளக்கலாமா? ஏதும் வம்பாயிருமா?" என்று கேட்பார். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. அதற்குச் சரியாகப் பதில் சொன்னால் முதல் அக்காவின் மனுவுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மழைத் தண்ணீரில் கிடைத்த குட்டிகள்

தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தவர்களின் வாழ்க்கை மாறிப்போன கதைகள் நிறைய உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே பெரிய கதை ஒன்று இருக்கிறது. 1959ஆம் ஆண்டு சென்னை தியாகராய நகரில் நல்ல மழை. தெருவில் தேங்கிய வெள்ளத்தில் நாய்க்குட்டிகள் தத்தளித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த கேப்டன் வி. சுந்தரம் என்பவர் அவற்றைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவர் சாதாரண ஆள் இல்லை, விமானம் ஓட்டுகிறவர். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் அவர் ஒருவர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து 1951ல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்தவர்கள். (பெண்களுக்கு சைக்கிள் சொல்லிக் கொடுக்கவே நம் பக்கம் எவ்வளவு பாடுபட்டோம், நினைத்துப் பாருங்கள்!)

குட்டிகள் வந்ததும் வீடே மாறிவிட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு பத்தாகி, அடிபட்டது, சொறி பிடித்தது, யாரோ விட்டுவிட்டுப் போனது என்று எல்லாம் அந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தன. சுந்தரம், உஷா, அவர்கள் பிள்ளைகள் என்று குடும்பமே அதில் இறங்கியது. அதுதான் பிறகு 'புளூ கிராஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. மகன் சின்னி கிருஷ்ணா வாழ்நாள் முழுவதையும் அந்த வேலைக்கே கொடுத்தார்.

இந்தக் கதையை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் அவர்களுடைய இரக்கம் மட்டுமல்ல. அந்தக் காலத்தில் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்தது. வருஷம் வருஷமாகக் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. ஏன்? ஒரு தெருவில் நாயைப் பிடித்துவிட்டால், அங்கே மிச்சமிருக்கிற சோற்றுக்கும் குப்பைக்கும் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். இருக்கிற பெட்டை குட்டி போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடும். "கொல்லாதீங்க, கருத்தடை பண்ணுங்க, ஊசி போடுங்க, பிடிச்ச இடத்துலயே விடுங்க" என்று புளூ கிராஸ் 1964லேயே சொன்னது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996ல். முப்பத்திரண்டு வருஷம்! மனு கொடுத்து ஆறு மாதம் ஆகிறதே என்று சலித்துக்கொள்ளும் நம் ஊக்குநர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு அதுவே 2001ல் நாடு முழுமைக்கும் விதியானது. 2023ல் அந்த விதியைத் திருத்திப் புதிதாகக் கொண்டுவந்தார்கள்.

பணக்காரர் கதை ஒன்றும் சொல்லவேண்டும். தொழிலதிபர் ரத்தன் டாடா தெருநாய் ஒன்றை எடுத்து வளர்த்தார், கோவாவில் கிடைத்ததால் அதற்கு 'கோவா' என்றே பெயர். அவருடைய மும்பை தலைமை அலுவலகத்தை 2018ல் புதுப்பித்தபோது தெருநாய்களுக்கென்று தனியாக ஒரு இடமே ஒதுக்கினார்கள். 2024 அக்டோபரில் அவர் இறந்தபோது அந்தக் கோவாவையும் கடைசியாக முகம் பார்க்கக் கூட்டி வந்தார்கள். அவ்வளவு காசுக்கு வெளிநாட்டு நாய் நூறு வாங்கியிருக்கலாமே, இல்லீங்களா?

நமக்கு என்ன கிடைக்கும்?

"ஆடு வளத்தா குட்டி விக்கலாம், கோழி வளத்தா முட்டை விக்கலாம், நாய் வளத்தா என்ன கிடைக்கும்?" இது ஒரு ஆச்சி என்னிடம் நேராகவே கேட்டது. நியாயமான கேள்வி. குழுவில் நாம் எதையும் வரவு செலவு பார்த்துத்தான் செய்கிறோம்.

காவல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ராத்திரி தறி ஓட்டிவிட்டு நேரம் கழித்து வரும் வீடு, ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் வீடு, ஆட்டுப் பட்டி, இங்கெல்லாம் நாயின் அருமை சொல்லாமலே தெரியும். நம் பகுதி நாய்க்குப் பேர் போனது. பக்கத்து ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் தபால் தலையே வெளியிட்டார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் நம் கரிசல் காட்டு இனங்கள்தான். ஆனால் காவலுக்கு அப்படிப்பட்ட சாதி நாய்தான் வேண்டும் என்பதில்லை. தெருவில் பிறந்த நாட்டுநாய் நம்ம ஊர் வெயிலுக்குப் பழகினது. அரிசிச் சோறு செரிக்கும். எளிதில் நோயில் விழாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின சடை நாய், சித்திரை மாதம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவதைப் பார்த்தாலே பரிதாபமாக இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது காவலுக்கும் மேலே ஒன்று. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாயும் வளர்க்கிறவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுகிறது என்று கண்டார்கள். இது நமக்குப் புதிது இல்லை. பிரசவத்தின்போதும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் தாயின் உடம்பில் ஊறுகிற அதே சுரப்புதான். பிள்ளை முகத்தைப் பார்த்தால் மனசு இளகுகிறதே, அந்த இளக்கம் நாய் முகத்தைப் பார்த்தாலும் வருவதற்கு இதுதான் காரணம்.

சுவீடன் நாட்டில் 34 லட்சம் பேருடைய விவரங்களை வைத்து 2017ல் இன்னொரு ஆய்வு வந்தது. தனியாக வசிப்பவர்களில் நாய் வளர்க்கிறவர்களுக்கு, வளர்க்காதவர்களைவிட இறப்பு ஆபத்து 33 சதவீதம் குறைவாக இருந்தது. கவனிக்கவும், நாய் வளர்த்ததால்தான் ஆயுசு கூடியது என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. நடமாட்டம் உள்ளவர்கள்தானே நாய் வளர்ப்பார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும் 'தனியாக வசிப்பவர்கள்' என்ற சொல்லில் என் மனசு நின்றுவிட்டது. நம் குழுக்களில் அப்படி எத்தனை பேர்? மகன் திருப்பூரில், மகள் கேரளாவில், கணவர் இல்லை. பீடித் தட்டு மடியில், பேச்சுத்துணைக்கு டிவி.

பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் ஒரு உறுப்பினரைப் பற்றிப் பெயரில்லாமல் சொல்கிறேன். கணவர் தவறிய பிறகு இரண்டு வருஷம் அவர் கூட்டத்துக்கே ஒழுங்காக வரவில்லை. சந்தாப் பணத்தை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவார். ராத்திரி தூக்கம் கிடையாது. ஒரு நேரம் பொங்குவதை மூன்று நேரம் வைத்துச் சாப்பிடுவார், பல நாள் அதுவும் இல்லை. கம்மாக் கரையில் யாரோ சாக்கில் கட்டிப் போட்டுவிட்டுப் போன குட்டிகளில் உயிரோடு இருந்தது ஒன்றுதான். அதைத்தான் எடுத்து வந்தார். பெட்டைக் குட்டி. பெட்டை என்பதால்தான் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இந்தக் காரணத்தை நாம் வேறு இடத்திலும் கேட்டிருக்கிறோம், அதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

"குட்டிக்குப் பசிச்சா காலைல அஞ்சு மணிக்கே கத்தும் மேடம். எந்திரிச்சுத்தான் ஆகணும். அதுக்குச் சோறு வைக்கணும்னு ஒலை வைப்பேன், வச்சா நானும் ஒரு வாய் சாப்பிடுவேன்." இதுதான் அவர் சொன்னது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எழுந்திருக்க ஒரு காரணம், பொங்க ஒரு காரணம், சாயங்காலம் தெருவில் நாலு எட்டு நடக்க ஒரு காரணம். நடந்தால் நாலு பேர் பேச்சுக் கொடுப்பார்கள். "என்ன மதினி, குட்டி பெருசாயிட்டுல்லா?" என்று ஆரம்பிக்கும் பேச்சு அங்கேயே நிற்காது. இப்போது கூட்டத்துக்கு அவரே வருகிறார்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மனச்சோர்வு அதிகமாக இருப்பவர்களுக்கு நாய் மருந்து இல்லை. தூக்கமின்மை, யாரிடமும் பேசப் பிடிக்காமை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். நாய் அதோடு சேர்ந்த துணை, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கும் சண்டை வந்தது

நல்லதையே எழுதிக்கொண்டு போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதே உறுப்பினரின் நாய், வளர்ந்த பிறகு, அது சோறு தின்றுகொண்டிருக்கும்போது வாலைப் பிடித்து இழுத்த பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்துவிட்டது. காலில் பல் பதிந்து ரத்தம். பையனின் அம்மாவும் நம் குழுதான். கேட்கவா வேண்டும்! ஒருத்தர் மிளகாய்ப் பொடியோடு ஓடி வந்தார், ஒருத்தர் சுண்ணாம்பு என்றார், ஒருத்தர் மந்திரிக்கக் கூட்டிப்போகச் சொன்னார். நல்லவேளை, ஊக்குநர் அக்கா எல்லோரையும் விலக்கிவிட்டுப் பையனைக் குழாயடியில் உட்கார வைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் இது உயிர் விஷயம். வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ், உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேரைக் கொல்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில்தான். கடிபடுபவர்களில் பலர் சிறு பிள்ளைகள். நோய் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. ஆனால் கடித்தவுடன் சரியாகச் செய்தால் வராமலே தடுத்துவிடலாம்.

காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். இரண்டு நிமிஷம் இல்லை, பதினைந்து. நோய்க்கிருமியில் பெரும்பாலானது அங்கேயே போய்விடும். மிளகாய்ப் பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. அதே நாளில் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். ஊசி இலவசம். "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று இன்னமும் பயப்படுகிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. நம் நாட்டில் 2004ஆம் ஆண்டோடு அதை நிறுத்தியாயிற்று. இப்போது தோளில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். சதையில் போடும் முறையில் 14ஆம் நாளும் உண்டு. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நடுவில் நிறுத்தவும் கூடாது. கோயிலில் நேர்ந்துகொள்வது உங்கள் நம்பிக்கை, நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் ஊசி போட்ட கையோடு கோயிலுக்குப் போங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லவும் கூடாது. பத்து நாள் கட்டிப்போட்டுப் பார்க்க வேண்டும். பத்து நாள் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் அந்தக் கிருமி இல்லை என்று அர்த்தம். அதற்காகப் பத்து நாள் பொறுத்துவிட்டு மனிதருக்கு ஊசி போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி அன்றைக்கே.

அந்தப் பையன் ஊசி முழுவதும் போட்டுக்கொண்டான். நாய்க்கு ஏற்கெனவே தடுப்பூசி போட்டு, அட்டையும் பத்திரமாக இருந்தது. அந்த ஒரு அட்டைதான் சண்டையை அடக்கியது என்று சொல்வேன். அட்டையைக் கொண்டுவந்து காட்டியதும் பையனின் அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோச் செலவை நாய்க்காரர் கொடுத்தார். ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள், பிறகு பேசிக்கொண்டார்கள்.

எடுக்க நினைக்கிறவர்களுக்கு

தாயோடு இருக்கும் குட்டியைப் பிரிக்காதீர்கள். இரண்டு மாதமாவது தாயிடம் இருக்கட்டும், அப்போதுதான் கடிக்காமல் விளையாடக் கற்றுக்கொள்ளும். குட்டியை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வாசலிலேயே வருஷக் கணக்காகப் படுத்துக்கிடக்கும் நாயும் உங்கள் நாய்தான். அதற்கு ஒரு ஊசியும் ஒரு கழுத்துப் பட்டையும் மட்டும்தான் பாக்கி.

வந்தவுடன் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். முதலில் பூச்சி மருந்து. குட்டிக்கு ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி. பார்வோ வந்தால் ரத்தமாகப் போய் இரண்டு மூன்று நாளில் குட்டி முடிந்துவிடும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி மறுபடி ஒன்று, அதற்குப் பிறகு வருஷம் ஒன்று. ஜூலை 6ஆம் தேதியையும் செப்டம்பர் 28ஆம் தேதியையும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் முகாம் நடப்பது வழக்கம், விசாரித்து வையுங்கள். (ஜூலை 6 ஏன் என்றால், 1885ல் அன்றைக்குத்தான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்.) பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பெட்டை நாய் என்றால் கருத்தடை அறுவை செய்வது மிக முக்கியம். சினைக்காலம் இரண்டு மாதம்தான். வருஷத்துக்கு இரண்டு ஈத்து போடக்கூடியது. ஒரு ஈத்துக்கு நாலைந்து குட்டி என்று வைத்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் வட்டிக் கணக்கைவிட வேகமாக ஏறும். அந்தக் குட்டிகள்தான் மறுபடி கம்மாக் கரைக்குப் போகின்றன.

சாப்பாட்டுக்குத் தனியாகக் கடைத் தீனி வேண்டாம். சோறு, தயிர், முட்டை, எலும்பு வேகவைத்த தண்ணீர், உப்புக் காரம் போடாத மீன் போதும். குழம்புச் சோறு தினமும் வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெயில் காலத்தில் அகலமான சட்டியில் தண்ணீர் வையுங்கள். உண்ணியை வாராவாரம் பார்த்து எடுக்க வேண்டும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும்தான் ஒளிந்திருக்கும். உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும்.

எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாத வீடு, பஞ்சம் பிழைக்க ஆறு மாதம் வெளியூர் போகும் குடும்பம், பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் வீடு, இவர்கள் எடுக்காமல் இருப்பதே நாய்க்கு நல்லது. வளர்த்த நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: விருப்பமுள்ளவர்கள் தெருநாயைத் தத்து எடுக்கலாம், ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு. அதே வருஷம் நவம்பர் 7ல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே பள்ளிக்கூடத்து வாசலில் சோறு வைத்துப் பழக்காதீர்கள்.

மனு எழுதச் சொன்ன அக்காவுக்கு: எழுதலாம். "பிடித்துக் கொண்டுபோங்கள்" என்று மட்டும் எழுதாமல், "எங்கள் பகுதியில் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யுங்கள்" என்று எழுதுவோம். ஒரு ஊரில் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் தெருவில் பத்து நாய் இருந்தால் ஏழு. அதில் மூன்றை நாம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டால், நகராட்சியிடமும் ஊராட்சியிடமும் கேட்க மிச்சம் நாலுதான்.

நாய்க்கு ஊசி போட்டதும் டாக்டர் ஒரு அட்டை தருவார். அதில் அடுத்த ஊசித் தேதி எழுதியிருக்கும். அதை ஓலைப்பெட்டியிலோ அரிசிப் பானை மேலேயோ வைத்துத் தொலைக்காமல், உங்கள் சேமிப்புப் பாஸ்புத்தகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கூட்டத்தில் எப்படியும் அதைத் திறப்பீர்கள், தேதி கண்ணில் பட்டுவிடும்.